சாவு வீட்டில் அணைத்த விளக்கு

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. ஜெபப் புத்தகம் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அதைத் தாண்டிப் பேனா பிடித்ததில்லை. வரிகள் கோணலாகப் போகும். முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்லுவேன். நடுவில் மறந்தும் போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதற்கு இதுவே பரவாயில்லை.

எங்கள் ஊர் வடமதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. முருங்கை, தென்னை, கொஞ்சம் பூ. என் மகன் கம்பம் ஏறுகிறவன். கரண்டு ஆபீசில் நிரந்தர வேலை இல்லை, ஒப்பந்தக் கூலிதான். ஆனால் கம்பி அறுந்தால் முதலில் அவனைத்தான் தேடுவார்கள்.

அந்தப் புயல் கடலில் இருக்கும்போதே அவனைக் கடலோரத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். கரையேறியவுடன் வேலையைத் தொடங்க வேண்டுமாம். கயிறு, ரம்பம், கம்பிச்சுருள் எல்லாம் ஏற்றிய லாரியில் பத்துப் பன்னிரண்டு பேர். நான் புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன்.

"வெஞ்சனம் என்னம்மா?" என்றான்.

"தேங்காத் தொவையல்டா."

"புயலுக்குப் போறவனுக்குத் தொவையலா? வந்தவொடனே கோழி அடிக்கணும், சொல்லிட்டேன்" என்று சிரித்தான். பிறகு என் மருமகளைப் பார்த்து, "கொஞ்ச நாள்ல வந்துருவேன், கதவ நல்லாச் சாத்திக்கங்க" என்றான். லாரி போய்விட்டது.

புயலுக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள். நாங்கள் புயல் என்றே சொல்லுவோம். கடலைப் பார்க்காத ஊர் எங்களுடையது. கடலோரத்துச் சங்கதி நமக்கு எதற்கு என்று காலையில் பாலை அடுப்பில் வைத்திருந்தேன். பொங்குவதற்குள் காற்று வந்துவிட்டது. மழை கீழே விழவில்லை, குறுக்கே போனது. எதிர்வீட்டுத் தகரம் பறந்து எங்கள் முருங்கையில் மாட்டி, முருங்கையோடு சேர்ந்து போய்விட்டது. முருங்கை முறிவது பெரிதில்லை, அது குருவி உட்கார்ந்தாலே முறியும். மாதா கோவில் முன்னால் நின்ற வேம்பு வேரோடு சாய்ந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு மகன் ஞாபகம் வந்தது. எங்கள் மேல் வருவதற்கு முன்னால் இந்தக் காற்று என் பிள்ளை இருக்கிற இடத்தை மிதித்துவிட்டுத்தானே வந்திருக்கும் என்று அப்போது உறைத்தது. நானும் மருமகளும் சுவரோரம் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னோம். எத்தனையாவது மணி என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

காற்று மேற்கே மலையேறி அடுத்த மாநிலத்துக்குப் போய்விட்டது என்றார்கள். கடலோரத்தில் படகு ஊருக்குள் கிடக்கிறது, தஞ்சாவூர்ப் பக்கம் தென்னந்தோப்பெல்லாம் படுத்துவிட்டது, மலைமேல் ரோடு அறுந்துவிட்டது, செம்பட்டி, ரெட்டியார்சத்திரம் பக்கம் வாழை நிற்கவில்லை என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கொண்டுவந்தார்கள். எங்கள் ஊரில் சிமெண்டுக் கம்பங்கள் இடுப்பில் ஒடிந்து, உள்ளிருந்த கம்பி நரம்பு மாதிரி தொங்கியது. கரண்டு இல்லை. போன் இல்லை. கிணற்றில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது, மேலே கொண்டுவர மோட்டார் ஓடாது. கயிறும் சகடையும் எந்த வீட்டில் இருக்கிறது? ஒரு வீட்டுத் தாம்புக் கயிற்றுக்கு ஒரு தெரு வரிசையில் நின்றது.

கடையில் மெழுகுவர்த்தி தீர்ந்துபோனது. கல்லறைத் திருநாள் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கல்லறையில் ஏற்றிய மெழுகுவர்த்தியை யாரும் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டோம், அது செத்தவர்களுக்குக் கொடுத்தது. ஆனால் அந்த வாரம் கல்லறைத் தோட்டத்துக்கு ஒவ்வொருவராகப் போய்விட்டு முந்தானையை மூடிக்கொண்டு வந்தோம். எதிரில் வருகிறவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு மதினி மட்டும் கேட்டாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஏடி, ஓம்மவன் ஊரான் வீட்டுக்கெல்லாம் லைட்டு போடப் போயிருக்கான். பெத்தவ கல்லறையில மெழுகுதிரி பொறுக்குறா. நல்லா இருக்குடி ஒங்க ஞாயம்" என்றாள்.

"ஒம்மகளும் அந்தக் கடலோரத்துலதான மதினி இருக்கா. அவ வீட்டுக்குத்தான் போட்டுக்கிட்டு இருப்பான்னு வச்சுக்கயேன்" என்றேன். இவ்வளவு நீளமாக நான் அவளுக்குப் பதில் சொன்னதே இல்லை. அவள் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். அவள் மகளிடமிருந்தும் ஒரு சேதியும் வரவில்லை என்பதை நான் மறந்திருந்தேன்.

எங்கள் பக்கத்துக் கரண்டு ஆட்களெல்லாம் கடலோரம் போய்விட்டதால், எங்கள் ஊருக்குப் பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். கோவில் மண்டபத்தில் படுத்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் முறை வைத்துச் சோறு பொங்கினோம். அவர்களுக்குத் தலைவராக வந்தவர், கம்பத்தில் ஆள் ஏற்றுவதற்கு முன்னால் தினமும் காலையில் வீடு வீடாக வருவார். "ஏனுங்க, ஜெனரேட்டரு ஆராச்சும் வெச்சிருக்கறீங்களாங்க? இருந்தாச் சொல்லிப்போடுங்க. ஊட்டுல போட்டாக் கம்பியில ஏறிக்குமுங்க" என்பார். எங்கள் ஊரில் அப்போது ஜெனரேட்டர் ஏது? "இல்லப்பா" என்போம். எனக்கு அது புரியவும் இல்லை. கம்பியிலிருந்து வீட்டுக்குக் கரண்டு வரும், வீட்டிலிருந்து கம்பிக்கு எப்படிப் போகும்?

கம்பம் ஏறுகிற பிள்ளை ஒருவன் அவர்களில் இருந்தான். என் மகன் வயதுதான் இருக்கும், கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை உண்டு. முதல் நாள் என் குழம்பை வாயில் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏனுங்கம்மா, இது கொழம்புங்களா, இல்ல ஷாக்குங்களா?"

"காரமா இருக்காப்பா?"

"கம்பத்துலகூட இப்பிடி வாங்குனதில்லீங்க" என்று சொல்லிவிட்டு மூன்று தரம் சோறு வாங்கினான். நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். "எங்கம்மாளும் இப்பிடித்தானுங்க, திங்கிறதப் பாத்துட்டே நிப்பாங்க" என்றான். நான் உள்ளே போய்விட்டேன். என் பிள்ளைக்கு அங்கே யார் போடுகிறார்களோ, யார் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களோ.

மதினியின் வீட்டுக்காரர் எனக்கு அண்ணன் முறை. அவருக்குப் பல வருசமாக இளைப்பு. புயல் வந்ததிலிருந்து குளிர்ந்த காற்றில் மூச்சு கிடைக்காமல் கிடந்தார். ஒருநாள் காலையில் இறந்துபோனார். மோட்டார் சைக்கிளில் ஆள் திண்டுக்கல் போய், அங்கே போன் கிடைக்கிற இடத்தில் நின்று, யார் யாரையோ பிடித்து மகளுக்குச் சேதி சொன்னான். "வாரேன், வந்துக்கிட்டே இருக்கேன், நான் வரமுன்ன எங்கப்பாவ எடுத்துறாதீங்க" என்று அவள் அழுதாளாம். வழியெல்லாம் மரம் கிடக்கிறது. எப்போது வந்து சேருவாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரே மகள். அவளுக்காக வைத்திருக்கத்தான் வேண்டும் என்று திண்டுக்கல்லிலிருந்து ஐஸ் பெட்டி கொண்டுவந்தார்கள். பெட்டிக்குக் கரண்டு வேண்டுமே. திருவிழாவுக்கு மைக்செட் போடுகிறவர் எங்கிருந்தோ ஒரு ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். காலையில் அந்தத் தலைவர் வந்து கேட்டுவிட்டுப் போனதற்கு அப்புறம் நடந்தது இது.

ஒரு விசயம் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் எடுக்கிறவரைக்கும் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்ட மாட்டோம். அன்றைக்குக் கரண்டு ஆட்களுக்குச் சோறு போடுகிற முறை என்னுடையது. உலை வைத்தால் சாவு வீட்டுக்கு மரியாதை இல்லை. வைக்காவிட்டால் கம்பத்தில் நிற்கிறவர்கள் பட்டினி. நான் மதினி பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் அழுதுகொண்டிருந்தேன். அவள்தான் என் காதோரம் குனிந்தாள்.

"ஏடி, அந்தப் புள்ளைகளுக்கு இன்னைக்கி யாரு மொறை?"

"நான்தான் மதினி."

"அப்ப இங்க என்ன ஒக்காந்து ஒப்பாரி? போய் அடுப்பப் பத்த வையி. இந்த மனுசன் கோவிச்சுக்க மாட்டாரு. கோவிச்சாலும் எந்திரிச்சு வரவா போறாரு?"

அந்த அழுகையிலும் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சிரிப்பில் வாய் துடித்தது. நான் எழுந்து வந்தேன்.

அன்றைக்கு மழை மூட்டம். பகலிலேயே வீட்டுக்குள் ஆள் முகம் தெரியவில்லை. சாவு வீடு இருட்டாக இருக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எடுக்கிறவரைக்கும் தலைமாட்டில் விளக்கு அணையக் கூடாது, வீட்டில் ஒரு மூலையும் இருண்டு கிடக்கக் கூடாது. மெழுகுவர்த்திகளைக் காற்று ஊதிக்கொண்டே இருந்தது. கல்லறையிலிருந்து பொறுக்கிய துண்டுகளை இன்னொரு செத்தவருக்கு ஏற்றவும் மனசு வரவில்லை. "ஜெனரேட்டருதான் வந்திருக்குல்ல, வீட்டுக்கும் ஒரு லைட்டு குடுத்தா என்னப்பா? அந்த மனுசன் இருட்டுலயா கெடக்கணும்?" என்று பெண்கள் சொன்னார்கள். மைக்செட்காரர் நல்ல மனிதர். ஒரு ஒயரை இழுத்துச் சுவரிலிருந்த பிளக்கில் செருகினார். வீடு முழுக்க பல்பு எரிந்தது. மின்விசிறிகூடச் சுற்றியது. நான் அடுப்படியிலிருந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். எத்தனையோ நாளைக்கு அப்புறம் வெளிச்சம். தெருவே வாயைத் திறந்து பார்த்தது. அண்ணன் முகம் நன்றாகத் தெரிகிறது என்று எல்லாரும் சந்தோசப்பட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

உலை கொதித்துக்கொண்டிருந்தது. தெருக்கோடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பிறகு அந்தத் தலைவர் ஓடிவந்தார். செருப்பு இல்லை. "ஆருங்க போட்டது? நிறுத்துங்க! நிறுத்துங்க!" ஜெனரேட்டர் சத்தத்திலும் ஒப்பாரியிலும் அவர் வாய் அசைவதுதான் தெரிகிறது. முற்றத்தில் இருந்த ஆண்கள் மகள் வீட்டுச் சேதி ஏதோ வந்திருக்கிறதென்று எழுந்து அவரைச் சுற்றிக்கொண்டார்கள். நான் வாசலில் நின்று தெருக்கோடியைப் பார்த்தேன். கம்பத்தின் உச்சியில் அந்தப் பிள்ளை இடுப்புப் பெல்ட் தாங்க, தலை சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தான்.

நான் ஓடினேன். எந்த ஒயர், எந்த சுவிட்ச் என்று எனக்குத் தெரியாது. ஆண்களை விலக்கிக்கொண்டு பேச எனக்கு வாயும் வரவில்லை. மதினி உட்கார்ந்திருக்கிற இடம்தான் எனக்குத் தெரிந்த இடம். அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"மதினி, கம்பத்துல புள்ள. லைட்ட அணைக்கச் சொல்லு. கம்பத்துல புள்ள தொங்குது."

புருசனை எடுக்கிறவரைக்கும் பெண்டாட்டி பக்கத்தை விட்டு எழக் கூடாது. அவள் எழுந்தாள். தலைமுடி விரிந்து கிடந்தது. "ஏலே, அணைங்கடா! எம்புருசனுக்கு வெளக்கு வேணாம்டா! அணைங்கடா அம்புட்டையும்!" என்று கத்தினாள். நான் என் ஆயுசில் அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. ஒப்பாரி நின்றது. மைக்செட்காரர் பாய்ந்து ஜெனரேட்டரை நிறுத்தினார். வீடு இருண்டது. விசிறி மட்டும் கொஞ்சம் சுற்றிவிட்டு நின்றது.

மதினியும் வாசலுக்கு வந்து பார்த்து நிற்க, கயிறு கட்டி அவனை இறக்கினார்கள். நான் கிட்டே போகவில்லை, போக முடியவில்லை. நெஞ்சை அழுத்தி அழுத்தி விட்டார் தலைவர். ஒரு இருமல் வந்தது. "உசுரு இருக்குதுங்க" என்று யாரோ சொன்னார்கள். கை மட்டும் கருத்திருந்தது. அவர்கள் ஜீப்பிலேயே திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என் அடுப்பில் சோறு குழைந்து அடிப்பிடித்திருந்தது.

தலைவர் போகவில்லை, வேலை பார்க்க நின்றுவிட்டார். அவரே சாவு வீட்டு வாசலில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஐஸ் பொட்டிக்கு மட்டும் தனியாப் போட்டுக்குங்க, ஊட்டு மெயின் சுவிச்ச அணைச்சுட்டா ஒண்ணும் ஆகாதுங்க. உங்க மக வரட்டுமுங்க" என்றார். மைக்செட்காரரும் அழுதுகொண்டே, "ஆமா, தனி ஒயர்ல போட்டுத் தாரேன்" என்றார். மதினி திரும்பித் தெருக்கோடியைப் பார்த்தாள். கம்பத்தடியில் மற்ற ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையும் ஏணியைத் தொடவில்லை.

"இந்த எந்திரம் திரும்ப ஒரு தடவ ஓடுனா அந்தப் புள்ளைக கம்பத்துல கால் வைக்குமா?" என்றாள். பிறகு ஐஸ் பெட்டி மேல் கையை வைத்தாள். "எடுங்க" என்றாள்.

"மக வந்துக்கிட்டு இருக்காளே."

"எடுங்க. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

கோவில் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்து, பொழுது இறங்குமுன் அடக்கம் செய்துவிட்டோம். விளக்கில்லாமல் போனார் எங்கள் அண்ணன்.

மகள் மறுநாள் வந்தாள். தஞ்சாவூர்ப் பக்கம் காய்கறி இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிய லாரியில், மரம் வெட்டி வழிவிடுகிற இடமெல்லாம் நின்று நின்று வந்தாள். அவள் வீட்டு ஓடும் போய்விட்டிருந்தது. தெருவில் இறங்கியவள் வீட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். தாயின் தோளில் அடித்து அடித்து அழுதாள். "எங்கப்பா மொகத்தப் பாக்க விடாமப் பண்ணிட்டியேம்மா. ஒரு நா பொறுக்க முடியலையாம்மா ஒனக்கு?"

மதினி அடியை வாங்கிக்கொண்டாள். கடைசியில் சொன்னாள்: "கம்பத்துல தொங்குன மொகத்த நீ பாக்கலத்தா."

எல்லாவற்றையும் நாங்கள் சொன்ன பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அத்தை, எங்க ஊர்லயும் வேத்தூர்ப் புள்ளைகதான் கம்பம் நட்டுக்கிட்டு இருக்குதுக. இடுப்புத் தண்ணியில நின்னு நடுதுக. சேதி வந்தப்ப அவங்களுக்குத்தான் சோறு போட்டுக்கிட்டு இருந்தேன், பாதிப் பந்தியில எந்திரிச்சு வந்தேன்" என்றாள். அதில் திண்டுக்கல் ஆள் உண்டா என்று எனக்குக் கேட்க வேண்டும் போல இருந்தது. அப்பனைப் பறிகொடுத்து நிற்கிறவளிடம் எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. சோறு போட்டேன் என்றாளே, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. நாங்கள் மூன்று பேரும் கல்லறைக்குப் போனோம். நான் முந்தானையில் கொண்டுபோயிருந்த மெழுகுவர்த்தித் துண்டுகளை அங்கேயே திருப்பி வைத்து ஏற்றினோம்.

கரண்டு வந்தது. தெருவெல்லாம் கைதட்டினார்கள். மதினி வீட்டில் மட்டும் முப்பதாம் நாள் பூசை முடியும்வரை பல்பு போடவில்லை. கிளம்பும்போது அந்தத் தலைவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சேதியைச் சொன்னார். "உசுருக்கு ஒண்ணுமில்லீங்க. கைதான், பாக்கலாமுன்னு சொல்லியிருக்கறாங்க. ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க." அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவன் பேரைக்கூட நாங்கள் யாரும் கேட்டு வைக்கவில்லை. தம்பி, அப்பு என்றே கூப்பிட்டிருந்தோம்.

என் மகனிடமிருந்து போன் வந்தது அதற்கப்புறம்தான். யாருடைய போனிலிருந்தோ. "கரண்டு வந்துருச்சாம்மா?" என்பதுதான் முதல் பேச்சு. நான், "ஏம்ப்பா, அங்க சாவு வீடு எதுவும் இருந்தா, மொதல்ல அங்க போய் பாத்துட்டுக் கம்பத்துல ஏறு" என்றேன். "என்னம்மா ஒளர்ற?" என்றான். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால் கருத்து, மெலிந்து வீடு வந்தான். கோழி அடித்துக் குழம்பு வைத்தேன், காரம் குறைத்து. "ஏம்மா சப்புன்னு இருக்கு?" என்று கேட்டான். தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் எங்கள் ஊரில் திருவிழாவுக்கானாலும் சாவுக்கானாலும் ஜெனரேட்டரைக் கிளப்புமுன் ஒரு ஆள் தெருக்கோடிவரை நடந்துபோய்க் கம்பங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வரவேண்டும். பெரும்பாலும் அந்த மைக்செட்காரரே போவார். கரண்டு இருக்கிற நாளிலும் போவார். சாவு வீட்டில் தலைமாட்டு மெழுகுவர்த்தி மட்டும் போதும் என்று ஆகிவிட்டது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை.

இதில் கரண்டு பற்றி எழுதியது சரியா என்று என் மகன்தான் பார்த்துத் திருத்த வேண்டும். நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். அவன் திருத்த முடியாத ஒன்றும் உண்டு. அந்தப் பிள்ளைக்குக் கருகியது வலது கை என்று மதினி சொல்கிறாள். எனக்கு இடது கையாகத்தான் கண்ணில் நிற்கிறது. இத்தனை வருசமாக எங்கள் இருவருக்கும் இதில் ஒத்துப்போகவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் போகிறவர்கள் யாராவது, திண்டுக்கல் பக்கம் புயல் வேலைக்கு வந்து கம்பத்தில் அடிபட்ட பிள்ளை என்று விசாரித்துப் பார்க்க வேண்டும். தொந்தரவு எதுவும் கொடுக்க வேண்டாம். சாப்பிடுகிற நேரமாகப் போய், எந்தக் கையால் சோறு அள்ளுகிறான் என்று பார்த்து வந்து சொன்னால் போதும்.